அழிந்ததாக நினைத்த அஞ்சல்கள்

ஒரு காலத்தை எழுத முற்படுபவர் முதலில் தேடுவது அக்காலத்தவரின் கடிதங்களைத்தான். அறிக்கைகளிலும் மேடைப் பேச்சுகளிலும் சொல்லப்படாதவை கடிதங்களில் இருக்கும். 1990களின் நடுப்பகுதியிலிருந்து அந்தக் கடிதங்கள் காகிதத்தை விட்டுக் கணினிக்குள் குடியேறின. கணினி பழுதடைந்தால் அல்லது ஒரு விசையைத் தவறாக அழுத்தினால், பத்தாண்டுக் காலத்து அஞ்சல்கள் ஒரு நொடியில் மறைந்துவிடுகின்றன. ஆனால் மறைந்தவை எல்லாம் அழிந்தவையா என்பதே கேள்வி. இக்கேள்விக்கு வரலாறு சுவையான விடைகளைத் தருகின்றது.

மிகப் பிரபலமான சம்பவம் வெள்ளை மாளிகையில் நிகழ்ந்தது. ஈரானுக்கு இரகசியமாக ஆயுதங்களை விற்று, அதில் கிடைத்த பணத்தை நிக்கரகுவாவின் கொன்ரா கிளர்ச்சியாளர்களுக்குத் திருப்பிய விவகாரம் 1986 நவம்பரில் அம்பலமாகியது. ஜனாதிபதி ரீகனின் தேசிய பாதுகாப்பு ஆலோசகர் ஜோன் பொயின்டெக்ஸ்டரும் அவரின் கீழ் பணியாற்றிய ஒலிவர் நோர்த்தும் தமது மின்னஞ்சல்களை அவசர அவசரமாக அழித்தனர். பொயின்டெக்ஸ்டர் அழித்தவை மட்டும் 5,000க்கு மேல். அவர்கள் பயன்படுத்தியது ஐபிஎம் நிறுவனத்தின் 'புரொப்ஸ்' என்ற முறைமை. அந்த முறைமையின் பிரதிகள் காந்த நாடாக்களில் ஒழுங்காகப் பதிவாகி வந்தன என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. தொழில்நுட்ப ஊழியர்கள் அந்த நாடாக்களை மீளப் பயன்படுத்தாமல் ஒதுக்கி வைத்தனர். 1987 பெப்ரவரியில் வெளியான டவர் ஆணைக்குழுவின் அறிக்கை இவ்வாறு மீண்டு வந்த அஞ்சல்களை விரிவாகப் பயன்படுத்திக்கொண்டது. அழிப்பு விசையை அழுத்தியதும் எல்லாம் போய்விட்டதென்று நம்பியதாக நோர்த் பின்னர் விசாரணையில் ஒப்புக்கொண்டார்.

கதை அத்துடன் முடியவில்லை. ரீகன் பதவி விலகுவதற்கு முதல் நாள், 1989 ஜனவரி 19 இல், அந்த நாடாக்கள் அழிக்கப்படாமல் இருக்கவேண்டி, ஸ்கொட் ஆம்ஸ்ட்ரோங் என்ற பத்திரிகையாளரும் அவர் சார்ந்த தேசிய பாதுகாப்பு ஆவணக் காப்பகமும் நீதிமன்றத்தில் தடையுத்தரவு பெற்றனர். காகிதத்தில் அச்சிட்டு வைத்தால் போதும், கணினிப் பிரதி தேவையில்லை என்பது அரசாங்கத்தின் வாதம். யார் யாருக்கு எப்போது அனுப்பினார் என்ற விபரங்கள் அச்சுப் பிரதியில் விடுபட்டுப் போகலாம் என்பது எதிர்வாதம். 1993 ஓகஸ்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் எதிர்வாதத்தையே ஏற்றது. மின்னஞ்சலும் அரச ஆவணமே என்பது அன்று நிலைநாட்டப்பட்டது.

இனி நம் மேசைக் கணினிகளுக்கு வருவோம். 1988 இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீவ் டோர்னர் என்பவர் 'யூடோரா' என்ற செயலியை எழுதினார். அமெரிக்க எழுத்தாளர் யூடோரா வெல்ற்றியின் தபாலகக் கதை ஒன்றை நினைவுகூர்ந்து வைத்த பெயர் அது. யூடோரா அஞ்சல்களைச் சாதாரண எழுத்துக் கோப்பாக, ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து வைத்தது. அதன் உருவாக்கம் 2006 இல் நிறுத்தப்பட்டது. ஆயினும் அதன் பழைய கோப்பை இன்றும் எந்த எழுத்துத் தொகுப்பியிலும் திறந்து வாசிக்கலாம். எளிமையே அதற்கு நீண்ட ஆயுளைக் கொடுத்தது.

மைக்ரோசொப்ட்டின் 'அவுட்லுக் எக்ஸ்பிரஸ்' வேறு விதமானது. 1997 இல் அறிமுகமாகி, விண்டோஸ் எக்ஸ்பி காலம் வரை கணினியோடு இலவசமாக வந்ததனால் உலகெங்கும் பரவியது. அதன் பிந்திய பதிப்புகள் ஒவ்வோர் அஞ்சல் உறைக்கும் 'டிபிஎக்ஸ்' என்ற ஒரு கோப்பை வைத்திருந்தன. ஓர் அஞ்சலை அழிக்கும்போது அக்கோப்பின் அட்டவணையிலிருந்து அதன் பதிவு மட்டுமே நீங்கும். அஞ்சலின் வாசகம் உள்ளேயே கிடக்கும். நூலகத்தில் அட்டையைக் கிழித்துவிட்டுப் புத்தகத்தை அலுமாரியிலேயே விட்டுவிடுவது போன்றது இது. கோப்பைச் சுருக்கும் வேலை நடக்கும்போதுதான் வாசகம் உண்மையில் அகற்றப்படும். அந்த வேலை நடுவில் மின்சாரம் நின்றாலோ, பொறுமையிழந்து கணினியை நிறுத்தினாலோ முழு உறையுமே வெறுமையாகிவிடும். பின்னைய பதிப்புகள் சுருக்குவதற்கு முன் ஒரு பிரதியைக் குப்பைத் தொட்டியில் இட்டுவைத்தன. தேடியவர்களுக்கு அது கிடைத்தது.

அலுவலகங்களில் புழங்கிய 'அவுட்லுக்' செயலியின் 'பிஎஸ்டி' கோப்பு இன்னொரு பொறி. 2002 பதிப்பு வரை அதன் எல்லை 2 ஜிகாபைட். எல்லையைத் தாண்டிய கோப்பு திறக்கவே மறுத்துவிடும். மைக்ரோசொப்ட் இதற்கு வழங்கிய கருவி கோப்பின் ஒரு பகுதியை வெட்டி எறிந்து மீதியைக் காப்பாற்றியது. 2003 பதிப்பில் எல்லை 20 ஜிகாபைட்டாக உயர்ந்தது. நிரந்தரமாக அழித்த அஞ்சலை மீட்க ஒரு விசித்திர வைத்தியமும் இருந்தது. கோப்பின் ஒரு பிரதியை எடுத்து, அதன் தலைப்பகுதியில் சில பைட்டுகளை வேண்டுமென்றே சிதைத்து, பழுதுபார்க்கும் செயலியிடம் கொடுப்பர். அது கோப்பை அடியிலிருந்து மீள அமைக்கும்போது அழித்தவற்றிற் சிலவும் உடன் வரும்.

இதே பிஎஸ்டி கோப்புகளால் வெள்ளை மாளிகை மீண்டும் தலைப்புச் செய்தியானது. ஜோர்ஜ் புஷ் காலத்தில், 2003 முதல் 2005 வரையான இலட்சக்கணக்கான அஞ்சல்களைக் காணவில்லை என்று 2007 இல் வழக்குகள் தொடரப்பட்டன. அக்காலத்தில் அஞ்சல்கள் கையால் பிஎஸ்டி கோப்புகளாகச் சேமிக்கப்பட்டிருந்தன. 2009 டிசெம்பரில் இணக்கம் எட்டியபோது, 2 கோடியே 20 இலட்சம் அஞ்சல்கள் கண்டுபிடிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அவற்றிற் பல அழிந்திருக்கவில்லை. தவறான பெயரிட்டு வைக்கப்பட்டிருந்தன. மேலும் 94 நாட்களுக்குரிய அஞ்சல்களை காப்புப் பிரதிகளிலிருந்து மீட்கவும் உடன்பாடு காணப்பட்டது.

தமிழர்களாகிய நமக்கு இதில் இரட்டைச் சிக்கல் உண்டு. போரினால் சிதறிய குடும்பங்களும் எழுத்தாளர்களும் 1990களின் பிற்பகுதியில் மின்னஞ்சலால் ஒன்றிணைந்தனர். ஆனால் அப்போது யூனிகோட் பரவலாக வரவில்லை. பாமினி எழுத்துருவிலும் திஸ்கி குறிமுறையிலும் எழுதினார்கள். அன்றைய அஞ்சலை இன்று மீட்டெடுத்தால் திரையில் தெரிவது தமிழ் அல்ல. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த ஒரு புதிர். அதைக் கண்டு, பழுதடைந்த கோப்பு என்று எறிந்துவிட வேண்டாம். எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது என்று அறிந்து மாற்றியினூடாகச் செலுத்தினால் தமிழ் திரும்பி வரும்.

எனவே, பழைய கணினியோ வன்தட்டோ வீட்டில் கிடந்தால், அதில் புதிதாக எதையும் எழுதாமல் முதலில் முழுப் பிரதியொன்று எடுத்துக்கொள்ளுங்கள். புதிய கோப்புகள் எழுதப்பட எழுதப்பட, அழித்தவை கிடக்கும் இடம் பறிபோகும். மீட்பு முயற்சிகளைப் பிரதியில் மட்டும் செய்யுங்கள். அஞ்சல் கோப்புகள் விண்டோஸின் மறைந்த உறைகளுக்குள் கிடப்பதால், மறைந்த கோப்புகளையும் காட்டும்படி அமைத்துத் தேடுங்கள். கிடைத்ததைச் சாதாரண எழுத்துக் கோப்பாகவும் ஒரு பிரதி சேமியுங்கள்.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்த ஏடுகளிற் பலவற்றுக்கு வேறு பிரதி இருக்கவில்லை. ஓர் அமெரிக்க அரசாங்கத்தின் இரகசியங்களைக் காட்டிக்கொடுத்ததும் எவரோ ஒதுக்கி வைத்த பிரதி ஒன்றுதான். அகதி வாழ்வின் ஆரம்ப ஆண்டுகளில் நம்மவர் எழுதிய கடிதங்கள் எத்தனையோ பரண்களில் கணினிப் பெட்டிகளுக்குள் கிடக்கின்றன. வன்தட்டுகளுக்கும் வயது உண்டு. அவற்றை எழுதியவர்களுக்கும் வயதாகின்றது.