துடுப்பும் எதிரொலியும்: மட்டக்களப்பு வாவியிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பை 'மீன்பாடும் தேனாடு' என வழங்குதல் மரபு. இப்பெயரைக் கேட்டு உளம் மகிழ்வார் பலர்; இப்பெயருள் ஓர் அறிவியற் செய்தி பொதிந்து கிடத்தலை எண்ணிப் பார்ப்பார் சிலரே. நீரினுள்ளே ஓசை உண்டு என்பதும், அவ்வோசை மரத்தின் வழியாகச் செவிக்கு நன்கு எட்டும் என்பதும் இவ்வாவிக் கரையில் வாழ்ந்த மீனவர்க்கு நெடுங்காலமாகத் தெரிந்திருந்தன. இன்று சிறு படகிலும் பொருத்தத்தக்க மீன் காட்டும் கருவியும் நீரினுட் செல்லும் ஒலியையே பற்றுக்கோடாகக் கொண்டது. துடுப்பிற்குக் காது கொடுத்த மீனவனுக்கும், திரையை உற்று நோக்கும் மீனவனுக்கும் இடையில் உள்ள தூரம் நாம் கருதுமளவு பெரிதன்று. அத்தூரத்தைக் கடந்த வரலாற்றை ஆராயுமிடத்து, மீனவர் வாய்ச்சொல் பன்முறை விஞ்ஞானத்துக்கு வழிகாட்டியாய் நின்றமை புலனாகும். அதனை எடுத்துக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மட்டக்களப்பு வாவி கடலுக்கு இணையாக வடக்குத் தெற்காக 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடப்பது. இதன் கிழக்கே எழுவான்கரையும் மேற்கே படுவான்கரையும் உள்ளன. பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் இது கடலோடு கலக்கின்றது. மாரியில் ஆற்று நீர் பெருகி உவர்ப்புக் குன்றும். கோடையில் கடல்நீர் உட்புகுந்து உவர்ப்பு மிகும். இவ்வாவியின் நடுவே புளியந்தீவில், 1628 ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் கட்டி 1638 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை நிற்கின்றது. வாவியின் இசை ஆங்கில நூலொன்றில் ஏறியதும் இக்கோட்டையின் அருகே நிகழ்ந்த நிகழ்ச்சியொன்றினாலேயாம்.

இலங்கையின் குடியேற்றச் செயலாளராய் இருந்த சேர் யேம்சு எமர்சன் தெனன்று என்பார் 1848 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் மட்டக்களப்புக்கு வந்தார். நீரடியிலிருந்து இன்னோசை எழுகின்றது என்னும் செய்தியைக் கேள்வியுற்று, நிலவெழுந்த பின்னர் மீனவரோடு தோணியிற் சென்றார். காற்றும் அலையும் அடங்கிய அவ்விரவில் ஓசையைத் தெளிவாகக் கேட்டார். தோணியின் மரத்திற் காதை வைத்தபோது அவ்வோசை பன்மடங்கு பெருகிற்று என அவர் எழுதியுள்ளார். ஓசையை எழுப்புவது நீரடியில் வாழும் ஊரி என்பதே மீனவர் அவருக்குக் கூறிய விளக்கம். இரவிலே கேட்கும், நிறைமதியை அண்டிய நாட்களில் மிகும், மழைவெள்ளம் வாவியிற் புகுந்தபின் அடங்கும் என்பனவும் மீனவர் கூற்றுக்களே. 1859 ஆம் ஆண்டில் வெளிவந்த தமது இலங்கை பற்றிய நூலில் தெனன்று இவற்றைப் பதிந்தார். நூலின் மேல் அவர் பெயர் உள்ளது; தோணி செலுத்தியவர் பெயர் இல்லை. ஆயினும் இடம், காலம், கேட்கும் முறை ஆகிய மூன்றையும் அறிந்து அவரை அழைத்துச் சென்றவர் அம்மீனவரே என்பதை நாம் மறத்தல் கூடாது.

துடுப்பின் ஒரு தலையை நீரில் அமிழ்த்தி மறுதலையைக் காதோடு பொருத்திக் கேட்டல் இங்கு வழங்கிவரும் முறை. நீரிலுள்ள ஒலி காற்றினுட் புகுதல் அரிது. நீர்ப்பரப்பு அதன் பெரும்பகுதியைத் திருப்பிவிடும். மரமோ அதனை எளிதில் ஏற்றுச் செவி எலும்பு வரை கொண்டுசெல்லும். இதனால் துடுப்பு வெறும் செலுத்துகோல் ஆகாது, கேட்கும் கருவியும் ஆயிற்று. ஓசைக்குக் காரணம் மீன் என்பாரும் ஊரி என்பாரும் இன்றும் உளர். 1950 ஆம் ஆண்டுகளில் அமெரிக்க இயேசு சபைத் துறவியான அருட்டந்தை இலாங்கு என்பார் நீரினுள் ஒலிவாங்கியை இறக்கி இவ்வோசையைப் பதிவு செய்தார். பின்னர் அஃது இலங்கை வானொலியில் ஒலிபரப்பப்பட்டது. காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகளார் (1892–1947) இவ்வாவியின் இசையைப் பொருளாகக் கொண்டு 'நீரர மகளிர்' என்னும் செய்யுளை ஆக்கினார். விஞ்ஞானமும் இசையும் ஒருங்கே கற்ற அடிகளார்க்கு நீரோசை புலவர் கற்பனையாக மட்டும் தோன்றியிராது.

நீரினுள் ஒலியைத் தேடும் முயற்சி நமக்கு மட்டும் உரியதன்று. இத்தாலிய அறிஞர் இலியனாடோ தாவின்சி 1490 ஆம் ஆண்டளவில், நீண்ட குழாயொன்றின் ஒரு நுனியை நீரிலும் மறுநுனியைக் காதிலும் வைத்தால் தொலைவிற் செல்லும் கப்பல்களின் ஓசையைக் கேட்கலாம் என எழுதி வைத்தார். துடுப்பிற்கும் இக்குழாய்க்கும் கருத்தளவில் வேறுபாடில்லை. மலாய்த் தீபகற்பத்தின் கீழ்க்கரையில், நீரில் மூழ்கி மீன்கூட்டத்தின் ஓசையைக் கேட்டு, எத்திசையில் எவ்வகை மீன் உளது எனச் சொல்லும் வல்லுநர் இருந்தனர். அவரை 'யூரு செலாம்' என அழைத்தனர். அவர் சொல்லின்படியே வலை வளைக்கப்பட்டது. கேட்டு மீன் பிடித்தல், கருவிகள் தோன்றுமுன்னரே ஆசியக் கடல்களிற் கைவந்த தொழிலாய் இருந்தமைக்கு இது சான்று.

இவையெல்லாம் நீர் தானாகச் சொல்வதைக் கேட்கும் முறைகள். நீரை நோக்கி வினாவி விடை பெறுதல் அடுத்த படியாகும். அதற்கு முதலில் நீரினுள் ஒலியின் வேகம் தெரிதல் வேண்டும். 1826 ஆம் ஆண்டில் கொலடன், இசுத்தூம் என்னும் இருவர் செனீவா ஏரியில் நீரின் கீழ் மணியடித்து, தொலைவில் நீரிற் குழாய் வைத்துக் கேட்டு, அவ்வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 1,435 மீற்றர் எனக் கண்டனர். அது குளிர்ந்த நன்னீரில் அளந்தது. வெப்பமான கடல்நீரில் வேகம் 1,500 மீற்றருக்குச் சற்று மேற்படும். காற்றில் உள்ளதைப் போல இது நாலு மடங்குக்கும் மேலாகும். 1912 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் 'ரைற்றானிக்கு' என்னும் பெருங்கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியபின், எதிரொலியால் இடரை அறியும் முயற்சி விரைவு பெற்றது. 1914 ஆம் ஆண்டில் பெசென்டன் என்பார் தமது கருவியால் ஏறத்தாழ 3 கிலோமீற்றர் தொலைவிலிருந்த பனிப்பாறையின் எதிரொலியைப் பெற்றார். கியூரி உடன்பிறப்பினர் 1880 இற் கண்டறிந்த படிக மின்னியல்பைப் பயன்படுத்தி, பிரான்சிய அறிஞர் இலாங்கெவின் முதல் உலகப் போரின் இறுதியில் நீர்மூழ்கியின் எதிரொலியைப் பெற்றார். மின்னோட்டத்தால் அதிர்ந்து ஒலியை விடுவதும், திரும்பிவந்த ஒலியால் அதிர்ந்து மின்னைத் தருவதும் அப்படிகமே. இன்றைய கருவிகளின் அடிப்படையும் இதுவேயாம்.

போருக்குப் பிறந்த இக்கருவியை மீனுக்குத் திருப்பியவர் பலர். 1929 ஆம் ஆண்டில் யப்பானியரான கிமுரா என்பார், குளமொன்றில் மீன்கள் ஒலிக்கற்றையிற் குறுக்கிடும்போது அதனை அறியலாம் எனச் சோதித்துக் காட்டினார். 1935 ஆம் ஆண்டில் நோர்வேயைச் சேர்ந்த ஒசுக்கார் சுந்து என்பார், இலொபோற்றன் கடலில் கொட்டு மீன்கள் ஒரு குறித்த ஆழத்திற் படையாய்ப் பரந்திருப்பதை எதிரொலிப் பதிவில் வெளியிட்டார். இரண்டாம் உலகப் போரின் பின்னர், 1948 ஆம் ஆண்டில், யப்பானின் நாகசாக்கிப் பகுதியில் மின்கருவித் தொழில் நடத்திய புருனோ உடன்பிறப்பினர், மீனவர் நடைமுறையிற் கையாளத்தக்க மீன் காட்டும் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தனர். மீன்கூட்டம் உள்ள இடத்தில் நீர்க்குமிழி எழும் என மீனவர் சொன்ன சொல்லே அவர்களின் சிந்தனைக்கு வித்தாயிற்று. முதலில் மீனவர் கருவியை நம்பவில்லை. அவரோடு படகேறிக் கடலிற் சென்று, திரையிற் கண்டதையும் வலையில் வந்ததையும் ஒப்பிட்டுக் காட்டிய பின்னரே நம்பிக்கை பிறந்தது. மீனவர் சொல்லிற் பிறந்த கருவி, மீனவர் சோதனையிலேயே நிலைபெற்றது எனலாம்.

இலங்கைக்கு இக்கலை வந்த வழியை இனி நோக்குவாம். 1958 ஆம் ஆண்டு முதல் அரசாங்கம் மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகளை மீனவர்க்கு வழங்கும் திட்டத்தை மேற்கொண்டது. இயந்திரம் வந்தபின் கரை மறையும் தொலைவுக்குச் செல்லல் எளிதாயிற்று. எங்கே வலை விடுவது என்னும் வினாவும் பெரிதாயிற்று. 1978 ஆம் ஆண்டு ஓகத்து–செப்டெம்பரிலும், 1979 ஏப்பிரில்–யூனிலும், 1980 சனவரி–பெப்புருவரியிலும் 'கலாநிதி பிரிச்சொவ் நான்சன்' என்னும் நோர்வே ஆய்வுக்கப்பல் இலங்கைக் கரையோரத்தைச் சுற்றி எதிரொலி முறையால் மீன்வளத்தை அளந்தது. சுந்து தொடங்கிய நோர்வே மரபே இவ்வாறு நம் கீழ்க்கரைக்கும் வந்தது. ஆண்டுதோறும் கரையோரக் கடலிலிருந்து கேடின்றிப் பெறத்தக்கது ஏறத்தாழ 2,50,000 தொன் என்னும் மதிப்பீடு அவ்வாய்விலிருந்து பிறந்து, நெடுங்காலம் கொள்கைக்கு அளவுகோலாய் நின்றது. 2018 ஆம் ஆண்டில் அதே பெயர் தாங்கிய புதிய கப்பல் மீண்டும் வந்து அளந்தபோது, முன்னையிலும் குறைந்த வளமே காணப்பட்டது. நாட்டளவில் எதிரொலி செய்த பெரும்பணி இவ்வாறு மீனைப் பிடித்தல் அன்று, மீனை எண்ணுதலேயாம்.

சிறு படகில் இக்கருவியை அமைக்கும் முறையையும் மாணவர் அறிதல் நன்று. திரை, பன்னிரண்டு வோல்ற்று மின்கலம், நீரை நோக்கி ஒலி விடுத்து ஏற்கும் குமிழ் ஆகிய மூன்றுமே இதன் உறுப்புக்கள். குமிழைச் சுழலியின் அருகில் வைத்தல் தவறு. சுழலி கிளப்பும் காற்றுக்குமிழிகள் ஒலியை மறைத்துவிடும். படகு விரையும்போதும் நீரைவிட்டு எழாத தாழ்ந்த இடமே ஏற்றது. திண்ணிய கண்ணாடிநார்ப் படகில் ஓட்டின் உட்புறத்தில், இடையில் காற்றுப் புகாதவாறு ஒட்டுதலும் கூடும். மரப்படகில் மரம் ஒலியை விழுங்குதலால், குமிழ் நீரைத் தொடுமாறு வெளியே பொருத்துதல் வேண்டும். துடுப்பின் வழி வரும் தாழ்ந்த ஓசைக்கு மரம் உதவியது. செவிக்கெட்டாத நுண்ணொலிக்கு அது தடையாயிற்று. செக்கனுக்கு 50,000 அதிர்வுடைய ஒலி ஆழத்துக்குச் செல்லும். 2,00,000 அதிர்வுடையது ஆழங் குறைந்த நீரில் நுணுக்கமாகக் காட்டும்.

திரையைப் படித்தல் இதனினும் அரிது. அங்கு தோன்றுவது கடலின் படமன்று. வலது ஓரத்தில் உள்ளது இக்கணம். இடப்புறம் நகர்ந்தவை எல்லாம் சென்ற காலம். மீன் ஒலிக்கற்றையினுட் புகும்போது சற்றுத் தொலைவிலும், நேர் கீழே வரும்போது அண்மையிலும், நீங்கும்போது மீண்டும் தொலைவிலும் இருத்தலால், அதன் குறி வில்போல் வளைந்து தோன்றும். எதிரொலியின் பெரும்பகுதியை மீனின் உடற்றசை தருவதில்லை. அதனுள்ளிருக்கும் காற்றுப்பையே தருகின்றது. எனவே காற்றுப்பையில்லாத வரிச்சூரையும் சுறாவும் தம் பருமனுக்கு ஏற்பத் தோன்றா. சிறு சூடைக் கூட்டமோ திரையை நிறைத்துவிடும். திரையில் மிகுதி கண்டு வலைவிடுபவன் ஏமாறுதலும், குறைவு கண்டு விலகுபவன் இழத்தலும் உண்டு. அவ்விடத்தின் அடித்தரை, பருவம், நீரோட்டம், மீனின் பழக்கம் ஆகியவற்றை அறிந்தவனுக்கே அக்குறிகள் பொருள்தரும்.

கடலில் இக்கருவி துணையாயினும், வாவியிலோ நிலை வேறு. இரண்டு மீற்றர் ஆழமான நீரில் ஒலி சென்று திரும்ப மூன்று மில்லிசெக்கனும் ஆகாது. குமிழ் தான் விடுத்த ஒலியின் அதிர்வு அடங்குமுன்னரே அடித்தரையின் எதிரொலி வந்து கலக்கும். குமிழின் கீழ் ஒலிக்கற்றை விரிவதற்கும் இடமில்லை. இறாலும் நண்டும் சேற்றோடு ஒட்டிக் கிடத்தலால் வேறுபட்டுத் தோன்றா. தோணியின் நிழல் கண்டே மீன் விலகிச் செல்லும். உலகின் ஆழங்களை அளந்த கருவி, எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே ஓரளவு ஊமையாகி நிற்கின்றது. அங்கே நீரின் நிறம், குமிழி, பறவையின் போக்கு, உவர்ப்பின் ஏற்றத்தாழ்வு, இரவின் ஓசை ஆகியவற்றைப் படித்தறியும் மனிதனே இன்றும் சிறந்த கருவி.

அம்மனிதனுடைய அறிவு இன்று எந்நிலையில் உள்ளது என்பதே நாம் எண்ணவேண்டிய வினா. 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போர்க்காலத்திற் கடலுக்கும் வாவிக்கும் செல்லுதல் பலமுறை தடைப்பட்டது. 2004 ஆம் ஆண்டு திசெம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை படகுகளையும் உயிர்களையும் கொண்டுசென்றது. தந்தையோடு தோணியேறிக் கற்கும் தொடர் பல குடும்பங்களில் அறுந்தது. படகை மீண்டும் பெறலாம். கருவியைக் கடையில் வாங்கலாம். கரையிலுள்ள பனையையும் கோபுரத்தையும் தூரத்து மலையையும் நேர்வைத்து நடுக்கடலில் இடங்குறித்தவனின் அறிவை விலைக்கு வாங்குதல் இயலாது. செயற்கைக்கோள் இடங்காட்டி வந்தபின் அவ்வறிவைக் கேட்பாரும் குறைந்தனர்.

கருவியை வெறுத்தொதுக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. வாழைச்சேனைத் துறையிலிருந்து பன்னாட் கலங்களில் ஆழ்கடல் செல்வார்க்கு அது வேண்டுவதே. ஆயின் கருவி எங்கே மீன் உளது எனச் சொல்லும். எவ்வளவு எடுக்கலாம், எப்போது விடவேண்டும் எனச் சொல்லாது. எல்லார் கையிலும் கருவி இருந்து, எவர் உள்ளத்திலும் எல்லை இல்லையாயின், 2018 ஆம் ஆண்டு அளவை காட்டிய குறைவு மேலும் குறைதல் திண்ணம்.

ஆதலின் நம் கல்லூரி மாணவர் செய்யத்தக்க பணியொன்று உண்டு. கல்லடிப் பாலத்தருகும் கல்லாற்றுத் துறையிலும் உள்ள முதிய மீனவரிடம் சென்று, மீன்களின் பெயர், மடுக்களின் பெயர், பருவக் குறி, இடங்குறிக்கும் முறை, ஓசை கேட்கும் இடம் ஆகியவற்றைக் கேட்டு எழுதுதல் வேண்டும். சொன்னவர் பெயரை, அவர் இசைவு பெற்று, ஏட்டின் தலையிற் பொறித்தலும் வேண்டும். 1848 ஆம் ஆண்டிற் பெயரின்றி விடப்பட்ட தோணிக்காரர்க்கு நாம் செலுத்தத்தக்க கடன் அதுவே. விஞ்ஞான வகுப்பினர் ஒலியை அளக்கலாம். வரலாற்று வகுப்பினர் சொல்லைப் பதியலாம். இரண்டும் கூடினால் வாவியின் முழு வரலாறு உருவாகும். கேட்கும் செவி உள்ளவரையில் வாவி சொல்லிக்கொண்டே இருக்கும். அச்செவியை இழவாதிருத்தல் நம் கையில் உள்ளது.