நிறுத்து என்றால் நிற்க வேண்டாமா?

'கேன்சல்' பட்டனை அமுக்கினால் உடனே நிற்காமல் கம்ப்யூட்டர் ஏன் யோசிக்கிறது என்று தங்கமணி கேட்டார். நியாயமான கேள்விதான். பதிலுக்குப் பின்னால் கால் நூற்றாண்டுக் கதை இருப்பதால் இந்தப் பதிவு.

ஒரு புரோகிராமுக்குள் ஒரே சமயத்தில் பல வேலைகள் ஓடும். ஒவ்வொன்றுக்கும் 'த்ரெட்' என்று பெயர். 1996ல் வந்த ஜாவாவின் முதல் பதிப்பில், ஒரு த்ரெட்டை இன்னொன்று நிறுத்த 'ஸ்டாப்' என்ற கட்டளை இருந்தது. சொன்னால் போதும், எந்த வரியில் இருந்தாலும் அங்கேயே 'த்ரெட்டெத்' என்ற பிழை கிளம்பி ஆளைக் காலி செய்துவிடும். (பெயரே அதுதாங்க!)

இதில் என்ன வம்பு? ராமு கணக்கில் 5000 ரூபாய் கழித்து சோமு கணக்கில் சேர்க்கும் த்ரெட் ஒன்று என்று வையுங்கள். வேலை முடியும்வரை வேறு யாரும் தொடாதபடி பூட்டு போட்டிருக்கும். கழித்தாயிற்று, இன்னும் சேர்க்கவில்லை. அந்த நொடியில் ஸ்டாப்! த்ரெட் சாகும்போது அது போட்ட பூட்டுகளும் திறந்துகொள்ளும். அடுத்து வருபவன் பார்ப்பது 5000 காணாமல் போன கணக்கு. சத்தமே வராது. எப்போதோ, வேறெங்கோ இடிக்கும்.

1998 டிசம்பரில் வந்த 1.2 பதிப்பில் 'இதைப் பயன்படுத்தாதீர்கள்' என்று சன் நிறுவனம் முத்திரை குத்தியது. அது சொன்ன மாற்று வழியில் யாரும் யாரையும் கொல்வதில்லை. ஒரு கொடி ஏற்றப்படும். த்ரெட் அதை அவ்வப்போது பார்த்து, கைவேலையை ஒழுங்காக முடித்துவிட்டுத் தானே வெளியேற வேண்டும். தூங்குகிற த்ரெட்டைத் தட்டி எழுப்ப 'இன்டரப்ட்'.

ஆனால் எழுப்பியதும் அந்த இன்டரப்ட் கொடி இறங்கிவிடும், ஒரு பிழைச்செய்தி மட்டும் கையில் வரும். அதை அப்படியே விழுங்கிவிட்டு மறுபடி வேலையைத் தொடரும் கோடுகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

2009ல் கூகுள் வெளியிட்ட 'கோ' மொழியில் வெளியிலிருந்து கொல்லும் வசதியே வைக்கவில்லை. 2016 ஆகஸ்டில், 1.7 பதிப்பில், 'கான்டெக்ஸ்ட்' அதன் ஸ்டாண்டர்டு லைப்ரரிக்குள் வந்தது. ஒரு ஃபங்ஷன் இன்னொன்றைக் கூப்பிடும்போது முதல் சாமானாக இதைக் கையில் கொடுத்து அனுப்புவது வழக்கம். மேலே ரத்து செய்தால் கிளைகளுக்கெல்லாம் செய்தி போகும். அதைப் பார்த்து நிற்பது இங்கேயும் அவரவர் பொறுப்புதான். எல்லா இடத்திலும் எழுதுவது எரிச்சல், ஆனாலும் எனக்கு இதுதான் பிடிக்கிறது. செய்தி எங்கே அறுந்தது என்பது கோடைப் படித்தாலே தெரியும்.

ஜாவாவின் ஸ்டாப்? முத்திரையோடு 24 வருடம் அப்படியே கிடந்தது. 2023 மார்ச்சில், ஜாவா 20ல்தான் பல்லைப் பிடுங்கினார்கள். அதில் ஸ்டாப்பைக் கூப்பிட்டால் கூப்பிட்டவனுக்குத்தான் பிழை. அந்தப் பக்கத்து த்ரெட் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.