பன்னிரண்டில் ஏழு: ஒரு முந்திரித்தோப்பும் இரண்டு சட்டங்களும்

புதுச்சேரியிலிருந்து ஈசிஆரில் வடக்கே போனால் ஒரு வேடிக்கை உண்டு. டவுனைத் தாண்டினால் கோட்டக்குப்பம், தமிழ்நாடு. அடுத்து பொம்மையார்பாளையம், அதுவும் தமிழ்நாடு. விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். இன்னும் கொஞ்சம் போனால் காலாப்பட்டு, மறுபடியும் புதுச்சேரி. பஸ்ஸில் தூங்கிவிட்டால் இரண்டு எல்லையும் தெரியாது. ஆனால் 1954 நவம்பர் வரை ஒரு பக்கம் பிரெஞ்சு ஆட்சி, அதற்கென்று தனிச் சட்டம்.

பொம்மையார்பாளையத்தில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தபோது அவருடைய அப்பா கேட்டார்: "தம்பி, எங்கப்பா கடனுக்குப் பயந்து முந்திரித்தோப்பை அடிமாட்டு விலைக்கு எழுதிக் குடுத்துட்டாரு. இதுக்கெல்லாம் சட்டமே கிடையாதா?"

நான் வக்கீல் இல்லை, கோட் எழுதிப் பிழைக்கிறவன். "தெரியலைங்க ஐயா" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் கேள்வி கூடவே வந்துவிட்டது. படிக்கப் படிக்கத் தெரிந்தது இதுதான்: அந்தத் தோப்பு எல்லைக்கு எந்தப் பக்கம் இருந்தது என்பதைப் பொறுத்து, சட்டம் கேட்கும் கேள்வியே வேறு.

முதலில் பிரெஞ்சுப் பக்கம். நெப்போலியன் காலத்து 1804 சிவில் சட்டத் தொகுப்பு, 1819 ஜனவரி 6 ஆணையால் பிரெஞ்சிந்தியாவுக்கு வந்தது. இந்தியர்களுக்கு அவரவர் சாதி வழக்கப்படியே தீர்ப்பு என்ற விலக்கும் அதே ஆணையில் உண்டு. அதனால் எல்லார் கிரையத்தையும் அது ஒரேமாதிரி கட்டுப்படுத்தியது என்று சொல்லிவிடக் கூடாது. ஆனால் அந்தத் தொகுப்பின் 1674-ஆம் பிரிவு சுவாரசியமானது. நிலமோ வீடோ விற்றவர், அதன் மதிப்பில் பன்னிரண்டில் ஏழு பங்குக்கு மேல் இழந்திருந்தால் கிரையத்தை ரத்து செய்யக் கோரலாம்.

கணக்காகச் சொன்னால், 1,200 ரூபாய் பெறுமான தோப்பை 500 ரூபாய்க்குக் கீழே விற்றிருந்தால் வழக்குப் போடலாம். "மிச்ச மதிப்பை நானாகவே விட்டுக்கொடுக்கிறேன்" என்று பத்திரத்தில் எழுதி வாங்கியிருந்தாலும் செல்லாது. மதிப்பு என்பது விற்ற நாளின் மதிப்பு. கெடு இரண்டே வருடம். இந்த உரிமை விற்றவருக்கு மட்டும்தான், வாங்கியவருக்குக் கிடையாது. யார் யாரை மிரட்டினார், யார் யாருக்குக் கடன்பட்டிருந்தார் என்ற கேள்வியே இல்லை. எல்லாம் எண்தான்.

இப்போது நம் பக்கம். 1872 இந்திய ஒப்பந்தச் சட்டம் எண்ணைப் பார்க்க மாட்டேன் என்கிறது. 25-ஆம் பிரிவில் ஓர் உதாரணமே கொடுத்திருக்கிறார்கள்: 1,000 ரூபாய் குதிரையை ஒருவன் 10 ரூபாய்க்கு விற்க ஒப்புக்கொள்கிறான். சம்மதம் சுதந்திரமானது என்றால் ஒப்பந்தம் செல்லும். விலை குறைவு என்பது, சம்மதம் உண்மையா என்று சந்தேகப்பட ஒரு தடயம். அவ்வளவுதான்.

அந்தச் சந்தேகத்தை எப்போது எழுப்பலாம் என்பது 16-ஆம் பிரிவு. 1899 திருத்தத்தில்தான் அது இப்போதுள்ள வடிவத்துக்கு வந்தது. ஒருவர் இன்னொருவரின் மனத்தை ஆட்டிவைக்கும் நிலையில் இருந்து, ஒப்பந்தமும் மனசாட்சிக்கு ஒவ்வாததாகத் தெரிந்தால், "நான் முறையற்ற செல்வாக்கைப் பயன்படுத்தவில்லை" என்று நிரூபிப்பது பலசாலியின் வேலை. இதற்கான உதாரணம் நம்ம ஊர்க் கதை மாதிரியே இருக்கிறது: கிராமத்து வட்டிக்காரரிடம் ஏற்கெனவே கடன்பட்டவர், அவரிடமே அநியாய நிபந்தனையில் மறுபடி கடன் வாங்குகிறார்.

இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விஷயம் புரியும். சென்னை உயர் நீதிமன்றத்தில் 1910-ல் ராணி அன்னபூரணி நாச்சியார் எதிர் சுவாமிநாத செட்டியார் வழக்கு. ஜீவனாம்ச வழக்கு நடத்தக் கையில் காசில்லாத விதவை, 1,500 ரூபாயை நூற்றுக்கு நூறு வட்டியில் வாங்கியிருந்தார். நீதிமன்றம் வட்டியை 24 சதவீதமாகக் குறைத்தது.

அடுத்தது 1923-ல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்த்த ரகுநாத் பிரசாத் வழக்கு. சொத்துத் தகராறில் அப்பா தொடுத்த கிரிமினல் வழக்கைச் சமாளிக்க, மகன் சொத்தை அடமானம் வைத்து சுமார் பத்தாயிரம் ரூபாய் வாங்கினார். 24 சதவீதக் கூட்டுவட்டி. பதினோரு வருடத்தில் அது 1,12,885 ரூபாய் ஆனது. ஆனாலும் கடன் வாங்கியவர் தோற்றார். அவசரத் தேவை இருந்தது என்பதாலேயே கடன் கொடுத்தவர் அவரை ஆட்டிவைத்தார் என்று ஆகிவிடாது என்றது கவுன்சில்.

புரோகிராமருக்கு இது உடனே பிடிபடும். ஒரு 'இஃப்'புக்குள் இன்னொரு 'இஃப்'. முதலில் ஆதிக்க நிலை இருந்ததா? 'ஆம்' என்றால்தான் ஒப்பந்தம் அநியாயமா என்ற அடுத்த வரிக்கே போகும். முதல் கேள்வியிலேயே 'இல்லை' என்றால் வட்டி எவ்வளவு குட்டி போட்டாலும் கோர்ட் எட்டிப்பார்க்காது.

இது போதவில்லை என்று அரசாங்கத்துக்கே தோன்றியிருக்க வேண்டும். ராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த 1938 சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் நேராக எண்ணுக்குத் திரும்பியது. விவசாயி அசலைப்போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் பழைய கடன் தீர்ந்தது. மனத்தை ஆட்டிவைத்தாரா என்ற விசாரணையே வேண்டாம். பன்னிரண்டில் ஏழு என்ற பிரெஞ்சுக் கணக்கின் தூரத்துச் சொந்தம் மாதிரி. ஆனால் இது கடனுக்கு மட்டும்; விற்றுப்போன தோப்புக்கு உதவாது. 1968-ல் இந்திய ஒப்பந்தச் சட்டம் புதுச்சேரிக்கும் நீட்டிக்கப்பட்டது. பத்து ரூபாய்க் குதிரை எல்லை தாண்டிவிட்டது.

அடுத்த முறை போனபோது ஐயாவிடம் ஒரே கேள்விதான் கேட்டேன். "தோப்பை வாங்கினது யாருங்க?"

"கடன் குடுத்தவர்தான். வேற யாரு?"

அந்தக் காலத்திலேயே கேஸ் போட்டிருந்தால் முதல் 'இஃப்'பைத் தாண்ட வழி இருந்திருக்கும். பத்திரத்தை ரத்து செய்யக் கெடு மூன்று வருடம். அது எப்போதோ முடிந்துவிட்டது. அதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப எங்கப்பா ஏமாளி இல்ல, அப்படித்தானே?" என்றார். ஆமாம் என்றேன்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய கிரையப் பத்திரம் இருந்தால் விலையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். எழுதி வாங்கியவர் யார், தொகை ரொக்கமாகக் கைமாறியதா அல்லது முன்கடனில் கழிந்ததா என்று பாருங்கள். கதை அந்த வரியில்தான் இருக்கும்.