மண்மேல் கிடத்தல் ஒரு தகுதி: துருன்யான் ஈம வழக்கு குறித்து

பாலித் தீவின் பங்லி மாவட்டத்தில், பத்தூர் ஏரியின் கிழக்குக் கரையில், நீருக்கும் எரிமலை விளிம்பின் செங்குத்துச் சரிவுக்கும் நடுவே ஒடுங்கியுள்ள ஊர் துருன்யான். இங்கு வாழ்வோர் பாலி ஆகா எனப்படும் தீவின் முதுகுடியினர். பாலி இந்துக்கள் இறந்தோரை எரியூட்ட, இவர்களோ உடலை வெள்ளைத் துணியில் பொதிந்து, முகம் மட்டும் தெரியத் தரையில் கிடத்தி, மேலே மூங்கில் கூண்டு கவித்துவிடுகின்றனர். மெபாசா எனப்படும் இவ்வழக்கை, புதைக்கவோ எரிக்கவோ கற்காத ஆதிநிலையின் எச்சமாகக் காட்டுவது பயண எழுத்துகளின் வாடிக்கை. ஊரின் சான்றுகள் இதற்கு நேர்மாறானவை. துருன்யான் மக்கள் புதைக்க அறிவார்கள். யாரைப் புதைப்பது என்பதிலும் தெளிவாக இருக்கிறார்கள். அவர்களிடம் மண்மேல் கிடத்தல் என்பது குறையின்றி முடிந்த வாழ்வுக்கு அளிக்கப்படும் தகுதி.

இதற்கு முதற்சான்று இடுகாடுகளின் பாகுபாடு. படகில் மட்டுமே சென்றடையக்கூடிய செமா வாயாவில் இயல்பாக இறந்தோர் கிடத்தப்படுகின்றனர். விபத்திலோ கொலையிலோ தற்கொலையிலோ மாண்டவர்களுக்கு உரியது செமா பந்தாஸ், அவர்கள் புதைக்கப்படுகின்றனர். பால்பற்கள் விழாத குழந்தைகளும், உடலில் ஆறாப் புண்ணோடு இறந்தவர்களும் மண்ணுக்குள்தான் போகின்றனர். ஆக, இறந்தவரின் வயது, உடலின் முழுமை, சாவின் தன்மை ஆகிய மூன்றும் எடைபோடப்பட்ட பிறகே மெபாசா வாய்க்கிறது. செமா வாயாவில் இடம் பதினொன்றே. புதிய உடல் வரும்போது பழைய எலும்புகள் அகற்றப்பட்டு, மண்டையோடு கல்மேடையில் முன்னோர் வரிசையில் வைக்கப்படுகிறது. புதைக்கப்பட்டவருக்கு அவ்வரிசையில் இடமில்லை. பெருமை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையா?

ஒரே நிலத்தில் பல ஈமமுறைகள் இருப்பது மட்டுமே தகுதிப் பாகுபாடு ஆகாது என்று மறுக்கலாம். மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டத்திலும் சுடுதல், வெளியே இடுதல், குழியில் புதைத்தல், தாழியில் கவித்தல் எல்லாம் அடுத்தடுத்து நிகழ்கின்றன. ஆயினும் அது பலதிற மக்கள் கூடிய பெருநகரின் காடு. துருன்யானில் ஒரே குடியினர், ஒரே குடும்பத்தில் ஒருவரைக் கிடத்தி மற்றவரைப் புதைக்கின்றனர். வேறுபாடு மக்களுக்கிடையில் இல்லை, மரணங்களுக்கிடையில் இருக்கிறது. இன்னொரு மறுப்பு, செமா வாயாவில் நிற்கும் தாரு மெஞான் என்ற மணமரத்தைக் காரணமாக்குவது. பிணவாடையை மரம் அடக்குகிறது என்பது ஊரார் நம்பிக்கை. அதை அப்படியே ஏற்றாலும், வழக்கு எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பது விளங்குமே தவிர, கொலையுண்டவருக்கு அந்த நிழல் ஏன் மறுக்கப்படுகிறது என்பது விளங்காது. கூண்டும் கவனிக்கத்தக்கது. பார்சிகளின் தக்மாவிலும் திபெத்திலும் உடல் பறவைகளுக்கென்றே திறந்துவைக்கப்படும். இங்கோ விலங்கும் பறவையும் தீண்டாதபடி அது காக்கப்படுகிறது. கைவிட நினைப்பவர்கள் காவல் அமைக்கமாட்டார்கள்.

வெளியுலகம் தொடாத ஊர் என்ற வாதமும் நிற்காது. 911-ஆம் ஆண்டுச் செப்பேடு துருன்யானைக் குறிப்பிடுகிறது. அரசும் கோயிலும் அன்றே அங்கு எட்டியிருந்தன. எரியூட்டும் அண்டை ஊர்களைப் பல நூற்றாண்டுகளாகப் பார்த்துக்கொண்டே இவர்கள் தம் முறையைக் கைவிடாதிருக்கின்றனர். பயணிகளின் படகுகள் செமா வாயாவின் மண்டையோட்டு வரிசைக்கே போகின்றன. ஆய்வாளர்களாவது யாரும் எட்டிப்பார்க்காத செமா பந்தாஸிலிருந்து தொடங்க வேண்டும்.