நிறைந்து வழிந்த வேர்: ஒரு யூனிக்ஸ் வட்டின் வரலாறு



கணினிக் கூடத்தில் லினக்ஸ் இயங்குதளத்தைத் துருவிப் பார்க்கும் மாணவர்கள் ஒரு வினாவை அடிக்கடி எழுப்புகிறார்கள். கட்டளை நிரல்கள் வைக்கப்படும் 'பின்' என்ற கோப்புறை ஒன்று உண்டு. 'யூஎஸ்ஆர்' என்ற கோப்புறைக்குள்ளும் அதே பெயரில் மற்றொரு 'பின்' உண்டு. ஒரே வேலைக்கு இரண்டு கோப்புறைகள் எதற்கு? பயன்படுத்தும் முறையைக் கற்பிக்கும் கையேடுகள் இதற்குப் பெரும்பாலும் விடை கூறுவதில்லை. விடை வரலாற்றில் இருக்கிறது. அரை நூற்றாண்டுக்கு முன்னர் ஒரு வட்டு நிறைந்துவிட்டது, அவ்வளவுதான்!

அந்த வட்டின் கதையை அறிந்தவர்கள், தங்கள் பள்ளியின் வழங்கியில் 'இடமில்லை' என்ற செய்தி தோன்றும்போது பதற மாட்டார்கள் என்பது என் கருத்து. அதன் பொருட்டே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அரை மெகாபைட்டில் ஓர் இயங்குதளம்

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், மரே ஹில் என்னும் இடத்தில் அமைந்திருந்தது பெல் ஆய்வுக்கூடம். அங்கே 1969-ஆம் ஆண்டு, அதிகம் பயன்படாமல் கிடந்த பி.டி.பி-7 என்ற சிறு கணினியில் கென் தாம்சன் யூனிக்ஸின் முதல் வடிவத்தை எழுதினார். டென்னிஸ் ரிட்சி முதலிய நண்பர்கள் துணை நின்றனர். 1970-இல் அவர்களுக்குப் பி.டி.பி-11 என்ற புதிய கணினி கிடைத்தது. ஆவணங்களைத் தட்டச்சு செய்து திருத்துவதற்கான ஏற்பாட்டை உருவாக்கித் தருகிறோம் என்று கூறித்தான் அக்கணினியை வாங்கினர். 1971-இல் ஆய்வுக்கூடத்தின் காப்புரிமைப் பிரிவுத் தட்டச்சர்கள் அதில் வேலை செய்யத் தொடங்கினர்.

அக்கணினியின் நினைவகம் 24 கிலோபைட். வட்டின் கொள்ளளவு 512 கிலோபைட், அதாவது அரை மெகாபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு நிழற்படம்கூட அதில் அடங்காது. இயங்குதளம், கட்டளைகள், பயனர்களின் ஆவணங்கள் ஆகிய அனைத்தும் இத்தகைய சின்னஞ்சிறு இடத்திற்காகப் போட்டியிட்டன. 1971 நவம்பரில் வெளிவந்த முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே, வட்டில் எவ்வளவு இடம் மீதமுள்ளது எனக் காட்டும் 'டிஎஃப்' கட்டளையும், எந்தக் கோப்புறை எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது எனக் காட்டும் 'டியூ' கட்டளையும் இடம்பெற்றுள்ளன. இடப் பற்றாக்குறை யூனிக்ஸின் உடன்பிறப்பு என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

வேரும் ஒட்டுக்கிளையும்

யூனிக்ஸின் கோப்புகள் யாவும் ஒரே மரமாக அமைந்தவை. அம்மரத்தின் அடியை 'ரூட்', அதாவது வேர் என்று அழைக்கிறார்கள். இரண்டாவது வட்டு ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால், மாமரத்தில் ஒட்டுக் கட்டுவதுபோல் அதனை ஒரு கிளையாகப் பொருத்திவிடலாம். பயனர்களின் கோப்புகளைத் தாங்கிய வட்டு இவ்வாறு பொருத்தப்பட்ட இடமே 'யூஎஸ்ஆர்'. பயனர் என்று பொருள்படும் 'யூசர்' என்ற சொல்லின் சுருக்கம் அது.

வேர் வட்டில் இடம் போதாமற்போனபோது, கட்டளைகளில் ஒரு பகுதியைப் பயனர் வட்டுக்கு மாற்றினர். இரண்டாவது 'பின்' பிறந்தது இப்படித்தான். எதை மாற்றுவது, எதை வைத்துக்கொள்வது? இரண்டாவது வட்டைப் பொருத்தும் கட்டளையே அந்த இரண்டாவது வட்டில் இருந்தால் என்னாவது? பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டிய கதையாகிவிடும்! ஆகவே, கணினியை எழுப்புவதற்கும் பழுது பார்ப்பதற்கும் இன்றியமையாதவை வேரிலும் மற்றவை யூஎஸ்ஆரிலும் இருக்க வேண்டும் என்ற நெறி உருவாயிற்று. 1979-இல் வந்த ஏழாம் பதிப்பின் கையேடு, யூஎஸ்ஆருக்குள் இருக்கும் பின், வேரிலுள்ள பின்னைச் சிறிதாக வைத்திருப்பதற்கானது என்று வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது.

தாம்சனும் ரிட்சியும் 1974-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையிலும் இந்நிலையைக் காணலாம். அப்போது அவர்களின் வேர் இருந்தது 1 மெகாபைட் வட்டில். பயனர் கோப்புகள் இருந்ததோ 40 மெகாபைட் வட்டில்.

விதைநெல்

வட்டுகள் பெருகின; அவற்றை நிரப்புவோரும் பெருகினர். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உருவான யூனிக்ஸின் 4.2 பி.எஸ்.டி பதிப்பு 1983-இல் வெளியானது. அதில் புதிய கோப்பு முறைமை ஒன்று அமைந்தது. மெக்கூசிக், ஜாய், லெஃப்ளர், ஃபேப்ரி ஆகிய நால்வர் அதனைப் பற்றி 1984-இல் எழுதிய கட்டுரை இன்றும் படிக்கத்தக்கது. வட்டில் 10 விழுக்காடு இடத்தை அவர்கள் ஒதுக்கிவைத்தனர். சாதாரணப் பயனர் அதனைத் தொட முடியாது. கணினியின் மேலாளர் மட்டுமே தொட முடியும். வட்டு முற்றிலும் நிறைந்துவிட்டால், ஒரு கோப்பின் பகுதிகளை அருகருகே வைக்க இடம் கிடைக்காமல் வேகம் குன்றும் என்பது அவர்கள் கூறிய காரணம்.

எவ்வளவு பசித்தாலும் உழவர் விதைநெல்லை உண்பதில்லை. இந்த ஒதுக்கீடும் அத்தகையதே. லினக்ஸுக்கென 1993-இல் வந்த எக்ஸ்ட்2 கோப்பு முறைமை 5 விழுக்காட்டை ஒதுக்கியது. அதன் வழிவந்த எக்ஸ்ட்4 இன்றும் அவ்வழக்கத்தைப் பின்பற்றுகிறது. எல்லாருக்கும் கதவடைத்த வேளையிலும், மேலாளர் உள்ளே நுழைந்து துப்புரவு செய்ய அந்தச் சிறு இடம் உதவுகிறது.

வெறுமையான புள்ளிப் பட்டியல்

இவையெல்லாம் பழங்கதை என எண்ண வேண்டாம். நான் அறிந்த ஒரு பள்ளியில் தேர்வுக் காலத்தில் நடந்ததைக் கூறுகிறேன். ஆசிரியர்கள் வழங்கியில் மாணவர்களின் புள்ளிகளைப் பதிந்துகொண்டிருந்தனர். அச்சுப்பொறி தொடர்பான நிரல் ஒன்று, ஒரே பிழைச் செய்தியைப் பல மாதங்களாகத் தன் பதிவுக் கோப்பில் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. சிறுதுளி பெருவெள்ளம்! வேர் நிறைந்துவிட்டது. ஓர் ஆசிரியை தம் வகுப்பின் பட்டியலைச் சேமிக்க முயன்றார். பிழை என்றது கணினி. மீண்டும் திறந்தபோது கோப்பில் ஒன்றுமே இல்லை. தாளில் குறித்து வைத்திருந்த புள்ளிகளைக் கொண்டு மீண்டும் பதிவதற்கு இரண்டு நாள்கள் பிடித்தன.

பழைய கோப்பு எப்படி மறைந்தது? பல நிரல்கள் சேமிக்கும்போது பழைய உள்ளடக்கத்தை முதலில் வெறுமையாக்கிவிட்டு, பின்னரே புதியதை எழுதுகின்றன. எழுத இடமில்லையென்றால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. கவனமாக எழுதப்பட்ட நிரல்கள் முதலில் புதிய கோப்பை முழுமையாக எழுதி முடித்து, அதன்பின் பழையதன் இடத்தில் வைக்கின்றன.

பெயர் போயிற்று, இடம் போகவில்லை

அப்பள்ளியின் பராமரிப்பாளர் வீங்கிக் கிடந்த பதிவுக் கோப்பைக் கண்டுபிடித்து அழித்தார். ஆனால் இடம் திரும்பவில்லை! டியூ கணக்கிட்ட தொகை குறைந்தது. டிஎஃப் மட்டும் வட்டு நிறைந்திருப்பதாகவே சொன்னது.

இதற்கான காரணமும் 1970-களின் வடிவமைப்பில் இருக்கிறது. யூனிக்ஸில் கோப்பின் பெயர் வேறு, கோப்பு வேறு. வருகைப் பதிவேட்டில் ஒரு மாணவரின் பெயரை அடித்துவிட்டாலும், அவர் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும்வரை நாற்காலி காலியாவதில்லை அல்லவா? அதுபோல, ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பின் பெயரை அழித்தாலும், அந்நிரல் அதனை மூடும்வரை இடம் விடுபடாது. டியூ பெயர்களைத் தேடிச் சென்று எண்ணுகிறது. டிஎஃப் கோப்பு முறைமையிடமே கணக்குக் கேட்கிறது. அச்சு நிரலை நிறுத்தி மீண்டும் தொடங்கியதும் இடம் திரும்பிற்று.

என்ன செய்யலாம்?

இவ்வரலாறு காட்டும் நடைமுறை எளியது. முதலில் டிஎஃப் கொண்டு எந்த வட்டுப் பகுதி நிறைந்துள்ளது எனப் பாருங்கள். கோப்புகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு இருப்பதால், இடம் மிச்சமிருந்தும் 'இடமில்லை' என்ற செய்தி வரக்கூடும். அதனையும் டிஎஃப் காட்டும். பிறகு டியூ கொண்டு பெரிய கோப்புறைகளைத் தேடுங்கள். இன்னதென்று தெரியாத கோப்பை அழிக்காதீர்கள். வேறு வட்டுக்கு நகர்த்தி வையுங்கள். இயங்கும் நிரலின் பதிவுக் கோப்பை அழிப்பதைவிட, அதன் உள்ளடக்கத்தை மட்டும் வெறுமையாக்குவது நல்லது. இடம் கிடைத்த பின்னர், பழைய பதிவுகளைத் தானாகக் கழிக்கும் ஏற்பாட்டைச் செய்யுங்கள். பயனர் கோப்புகளை வேரிலிருந்து பிரித்துத் தனிப் பகுதியில் வைப்பது மிகவும் நன்று.

இரண்டு 'பின்'களின் தேவை இன்று மறைந்துவிட்டது. 2012-இல் ஃபெடோரா 17 அவற்றை ஒன்றாக்கியது. 2023-இல் வந்த டெபியன் 12-உம் அந்த இணைப்பைக் கட்டாயமாக்கியது. பழைய பெயர் வெறும் வழிகாட்டிப் பலகையாக மட்டும் நிற்கிறது. இன்று 1 டெராபைட் வட்டு சாதாரணம், பி.டி.பி-11-இன் அந்த வட்டைவிட அது ஏறத்தாழ 19 இலட்சம் மடங்கு பெரியது. ஆயினும் ஒரே பிழைச் செய்தி அதனையும் நிரப்பிவிடும்!

ஆசிரியர்களே, புள்ளிகளைப் பதியத் தொடங்கும் முன்னர், வழங்கியைப் பராமரிப்பவரிடம் வட்டில் எவ்வளவு இடம் மீதமுள்ளது என ஒரு முறை கேளுங்கள். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை 'இது ஏன் இப்படி இருக்கிறது?' என்று கேட்டால், அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கக்கூடும் என்று சொல்லித் தேடத் தூண்டுங்கள்.