கொத்தும் முத்திரையும்

வயலற்ற மருதானை போன்ற நகர்ப்பகுதிகளில் அரிசியின் வரலாறு பெரும்பாலும் கூப்பன் புத்தகத்தின் வரலாறேயாகும். 1942இல் பர்மா யப்பானியர் வசமாகவே, அங்கிருந்து வந்த அரிசி நின்றது, பங்கீடு தொடங்கிற்று. போர் முடிந்தபின்னும் அது நீடித்தது. 1953 யூலையில் பங்கீட்டரிசியின் விலை கொத்தொன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது மக்கள் பொறுத்தாரல்லர். ஆகஸ்ட் 12இல் ஹர்த்தால் மூண்டது. அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிலே கூடிற்று. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார்.

1978இல் வறியோர்க்கு மட்டுமாக்கப்பட்ட பங்கீடு, 1979 செப்தெம்பரில் உணவு முத்திரையாக மாற்றப்பட்டது. வசதியுடையோரை நீக்கியதை நாம் குறைகூறோம். ஆயின் பங்கீடு கொத்தாற் குறிக்கப்பட்டது. முத்திரையோ ரூபாவாற் குறிக்கப்பட்டது. விலைவாசி ஏற ஏற, முத்திரையின் முகப்பெறுமதி மாறாதிருக்க, அதற்குக் கிடைத்த அரிசி சுருங்கிற்று. மத்திய வங்கியின் 1978/79, 1981/82 நுகர்வோர் நிதி ஆய்வுகளை ஒப்புநோக்கின், மிக வறிய ஐந்திலொரு பங்கினரின் கலோரி நுகர்வு குறைந்தமை புலனாகும். எனினும் ஹர்த்தால் எதுவும் நிகழவில்லை. 1953இன் விலையேற்றம் ஒரே நாளிற் கடைவாசலில் எல்லோர் கண்ணிலும் பட்டது. முத்திரையின் தேய்வோ மாதந்தோறும் சமையலறைக்குள்ளேயே நிகழ்ந்தது என நாம் கருதுகின்றோம். 2023இல் தொடங்கிய அஸ்வெசுமக் கொடுப்பனவும் ரூபாவிலேயே கணிக்கப்படுகின்றது.