ஹார்பர் லைனில் ஒரு யூத வரலாறு

யூதர் என்றதும் நம் சங்க மலர்களில் சாலமோன் மன்னனும், மயிலைக் குறிக்கும் 'துக்கி' என்ற எபிரேயச் சொல் நம் 'தோகை'யே என்ற ஆராய்ச்சியும் வந்துவிடும். எனக்கு யூதர் உறவு கல்யாணத்தால் வந்தது. நான் மான்குர்தில் வளர்ந்த திருநெல்வேலிப் பெண். என் கணவர் மராத்தி பேசும் பெனே இஸ்ரேல் யூதர். 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி முப்பது நாள் நோட்டீஸ் கொடுத்துப் பதிவு செய்துகொண்டோம். யாரும் மதம் மாறவில்லை.

அவர் முன்னோரைப் பற்றி இருவரும் சேர்ந்தே தெரிந்துகொள்வது என்று ஞாயிறுகளில் கிளம்பினோம். மான்குர்த்வாசிகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஹார்பர் லைனில் ஒரு பக்கம் போனால் பன்வேல். அங்கே 1849-இல் எழுந்த பெத் எல் ஜெபாலயம். மறுபக்கம் மஸ்ஜித் ஸ்டேஷன்; அதன் அருகே சாமுவேல் தெருவில், 1796-இல் தொடங்கிய மும்பையின் முதல் ஜெபாலயம். அதை நிறுவியவர் கம்பெனிப் படையில் இருந்த சாமுவேல் எசக்கியேல் திவேகர். திப்பு சுல்தானின் சிறையிலிருந்து மீண்டதற்கான நேர்த்திக்கடன் என்பார்கள். நேர்த்திக்கடன் நமக்குப் புரியாததா என்ன!

கொங்கண் கடற்கரையில் நவ்காவ் அருகே கப்பல் உடைந்து, கரையேறிய ஏழு ஆணும் ஏழு பெண்ணுமே தங்கள் முன்னோர் என்பது இவர்கள் மரபு. எண்ணெய் ஆட்டிப் பிழைத்தார்கள். சனிக்கிழமை செக்கு ஓட்டாததால் ஊரார் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமைச் செக்கார் என்றார்கள். திவே ஊர்க்காரர் திவேகர், பேண் ஊர்க்காரர் பேண்கர். நாம் ஊரை இனிஷியலில் வைத்தோம். அவர்கள் பெயருக்குப் பின்னால் வைத்தார்கள்.

நான் கருவுற்றதும்தான் வரலாறு வீட்டுக்குள் வந்தது. "பிள்ளைன்னா அப்பன் வழிதானே, இதுல என்ன யோசனை?" என்றார் அம்மா. யூத நெறிப்படியோ தாய் யூதப் பெண்ணாக இருந்தால்தான் பிள்ளை யூதர். ஆக, என் பிள்ளையை இரண்டு பக்கமும் அடுத்த பக்கத்துக்குக் கைகாட்டிவிடும்.

இந்தக் கேள்வி பழையது. பெனே இஸ்ரேல் ஆண்களுக்கும் வெளிச் சமூகப் பெண்களுக்கும் பிறந்தவர்களின் வழியினரை அந்தக் காலத்தில் 'காலா', கறுப்பர் என்று பிரித்து வைத்திருந்தார்கள். தங்களை 'கோரா', வெள்ளையர் என்றவர்கள் அவர்களோடு பெண் கொடுத்து எடுக்கவில்லை, பந்தியும் தனி. இருபதாம் நூற்றாண்டில் இந்தப் பிரிவு மெல்ல மறைந்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் பிறந்திருந்தால் என் பிள்ளைக்கும் அந்தப் பெயர்தான்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1948-க்குப் பின் பெனே இஸ்ரேலியர் ஆயிரக்கணக்கில் இஸ்ரேலுக்குக் குடியேறினார்கள். 1962-இல் அங்குள்ள தலைமை ரபிகள், இவர்கள் மற்ற யூதரை மணக்க வந்தால் தாய்வழி முன்னோரை விசாரிக்க வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். காரணம், கலப்பு மணம் நடந்திருக்குமோ என்ற சந்தேகம். கோரா, காலா எல்லாருமே ஒரே வரிசையில் நிற்கவேண்டி வந்தது! போராடினார்கள். 1964-இல் இஸ்ரேல் நாடாளுமன்றம், இவர்கள் எல்லா வகையிலும் முழு யூதரே என்று அறிவித்தது. சுத்த ரத்தம் என்று பிரித்தவர்களிடமே ஒருநாள் சான்று கேட்கப்படும் என்பதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்? சாதி பார்க்கும் நமக்கும் இதில் பாடம் உண்டு.

மாமியாரிடம் என் கவலையைச் சொன்னேன். "சட்டம் கிடக்கட்டும். வெள்ளிக்கிழமை விளக்கேத்தணும், வா" என்றார் மராத்தியில். நம் வீட்டிலும் வெள்ளிக்கிழமைதானே விளக்கு! எலியா தீர்க்கதரிசியின் பேரில் இவர்கள் படைக்கும் மலிதாவும், அவலும் தேங்காயும் சர்க்கரையும் கலந்ததே.

இந்தியாவில் யூதர் இன்று சில ஆயிரம் பேரே. பிள்ளை எந்தக் கணக்கில் சேரும் என்பதை அதுவே வளர்ந்து தீர்மானிக்கட்டும். இரண்டு வரலாற்றையும் சொல்லிக் கொடுப்பது எங்கள் பொறுப்பு. "ஊர்ப் பெயருக்கு என்ன பஞ்சம்? மான்குர்த்கர்னு வச்சுடலாம்" என்கிறார் இவர்.